மணல் வாளிக்குள் ஒரு குரல்

அத்தியாயம் 14

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் வீட்டுத் தவளையும் போன வாரம் அப்படித்தான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள்.

தவளை என்பது மாஸ்டர் தன் மகளுக்கு வைத்த செல்லப்பேர். நடை பழகும் முன்பே நீச்சல் பழகிவிட்டவள். கல்லூரிக்குப் போகிற வயதாகியும் வீட்டில் அந்தப் பேர்தான்.

மாஸ்டர் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். குளத்தின் இந்தக் கரையில் நின்று அவர் குரல் கொடுத்தால் அந்தக் கரையில் தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும். அந்தக் குரலைத்தான் தொண்டையில் வந்த கட்டி கொண்டுபோனது. ஆபரேஷனில் உயிர் மிஞ்சியது, குரல்வளை மிஞ்சவில்லை. அன்றிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும்தான் அவருக்கு வாய்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு நல்ல சேதி சொன்னாள். பழைய குரல் எங்காவது தெளிவாகப் பதிவாகியிருந்தால் போதுமாம். இனி அவர் விரலால் தட்டுவதையெல்லாம் கருவி அவருடைய குரலிலேயே பேசுமாம்.

குளத்தில் எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர்ச் சத்தம், விசில், எதிரொலி. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். மாஸ்டருடைய சொந்த போன்களோ ஒன்று பாக்கியில்லாமல் குளத்தில் விழுந்து உயிரை விட்டவை.

அப்போதுதான் மாஸ்டர் பலகையில் எழுதினார்: 'கண்ணாடியோட பழைய போன்.'

கண்ணாடி என்றால் அவர் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். எழுத்துக்கூட்டி அனுப்பப் பொறுமையில்லாத மாஸ்டர், கல்யாணமான பிறகு அவளுக்கு அனுப்பியதெல்லாம் குரல் செய்திதான். திரை இருண்டுபோன அந்த போனில் எல்லாம் இருந்தது. புதுப் போனுக்கு எதுவும் வந்து சேரவில்லை.

கண்ணாடியின் முகம் மலர்ந்த அதே நொடியில் மகளின் முகம் வெளுத்தது. அம்மாவைத் தனியே இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள்.

"அம்மா, அந்த போனை நான் சூப்பர் மார்க்கெட் பெட்டியில போட்டுட்டேன்."

*

மறுநாள் காலையில் அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு கிளம்பினாள். மாஸ்டரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கப் போவதாகச் சொன்னாள். அவர் நம்பவில்லை என்பது அவர் பலகையைக் கையில் எடுக்காததிலேயே தெரிந்தது.

சூப்பர் மார்க்கெட் வாசலில் பழைய போன் போடும் பெட்டி காலியாக இருந்தது. முந்தின வாரமே வண்டி வந்து அள்ளிப்போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். எங்கே போகிறது என்று கேட்டதற்கு, ஊர்க் கோடியில் போன்களைப் பிரித்து அரைக்கிற ஆலைக்கு என்றார்.

பஸ் பிடித்தார்கள். பாதி வழியில் மகளுக்குத் தாங்கவில்லை.

"திட்டிடும்மா. நீ ஒண்ணும் சொல்லாம வர்றதுதான் தாங்க முடியல."

"டிராயரைக் காலி பண்ணுன்னு நச்சரிச்சது யாரு? நான்தானே. என்னை நானே திட்டிக்கவா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

*

ஆலை வாசலில் அவர்கள் கையிலிருந்த போன்களையும் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். படம் எடுக்க யாருக்கும் அனுமதியில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், சரக்கை நகர்த்திக்கொண்டே போகும் நீளமான ஓடுபட்டை. அதன் இருபுறமும் கையுறை போட்டவர்கள் நின்று, வருகிற போன்களின் முதுகைத் திறந்து பேட்டரியைப் பிரித்து ஒரு பக்கம் போட்டார்கள். மிச்சப் போன் பட்டையிலேயே போய் ஓர் இரும்பு வாய்க்குள் விழுந்தது. கரும்பைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் அங்கிருந்து வந்துகொண்டேயிருந்தது.

மேற்பார்வை பார்க்கிற அம்மாள் வந்தார். நடு வயது, நிதானமான பேச்சு, மூக்கில் நிற்காமல் வழுக்கும் கண்ணாடி. கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"மன்னிச்சுக்குங்க. இங்க உள்ள வந்த போன் வெளியே போகாது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் போன், நானே கேட்கிறேன், கொடுப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாள். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். சில வருஷத்துக்கு முன் ஒருவர் இப்படித்தான் வந்தாராம். மனைவியின் போன் தெரியாமல் வந்துவிட்டது, அதில் குழந்தைப் படங்கள் இருக்கின்றன என்று கண்ணீர் விட்டாராம். அப்போதிருந்தவர்கள் மனமிரங்கித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண் அவருடைய அடிக்குப் பயந்து வீட்டை விட்டுப் போனவள், போனில் அவள் தங்கியிருக்கும் இடம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு தப்பிச்சுட்டா. நூலிழை. அதுக்கப்புறம் நாங்க யாரையும் நம்புறதில்ல. உங்களைச் சொல்லல. ஆனா அழுறவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கண்ணீர் வருது?"

கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. அவள் தன் போனில் இருந்ததை நினைத்துப் பார்த்தாள். பேங்க் கணக்கு. தையல்காரருக்கு அனுப்பிய மகளின் அளவுகள். ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாஸ்டர் தூங்கும் படம். அண்ணியிடம் அழுத அழுகை. பத்துப் பைசா யோசனையில்லாமல் இவ்வளவையும் தூக்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். அந்த நாட்களிலெல்லாம் முன்பின் தெரியாத இந்த அம்மாளின் பிடிவாதம்தான் அவள் வீட்டு வாசலில் காவலுக்கு நின்றிருக்கிறது.

மனசுக்குள் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"போன் எனக்கு வேண்டாம்மா. அவர் குரலை மட்டும் எடுத்துக்கறேன். உங்க கண்ணு முன்னாடியே. அப்புறம் நீங்களே அதை அரைச்சுடுங்க."

அந்த அம்மாள் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். எழுந்து உள்ளே போய் மேலிடத்தோடு பேசினார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு இளக்கம். மூன்று நிபந்தனை. போனின் வெளி அடையாளத்தை அவளே பார்க்காமல் சொல்ல வேண்டும். அவள் கையால்தான் பூட்டைத் திறக்க வேண்டும். எடுத்து முடித்ததும் எல்லாம் அழிக்கப்படும், போன் இங்கேயே நிற்கும்.

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்த அம்மாள் பேச்சை முடிக்கவில்லை.

"ஒரு விஷயம். அந்தச் சூப்பர் மார்க்கெட் சரக்கு இன்னிக்குக் காலையிலதான் பட்டையில ஏறிச்சு. பாதிக்கு மேல போயிடுச்சு."

*

ஓடுபட்டையை நிறுத்தினார்கள். கடித்துக்கொண்டிருந்த சத்தம் அடங்கியதும் அந்தக் கூடம் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. மீதிப் போன்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். அவள் சொன்ன அடையாளம் சுலபமானது. போனின் அடிப்பக்கத்தில் ஒரு திருகாணி கழன்று தொலைந்தபோது, கடையிலிருந்த மூக்குக்கண்ணாடித் திருகாணி ஒன்றை அவளே போட்டு முறுக்கியிருந்தாள். மஞ்சளாக, மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கி நிற்கும்.

பட்டையின் கடைசிவரை பார்த்தாகிவிட்டது. மஞ்சள் திருகாணி எதிலும் இல்லை.

மகள் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எட்டிப் பார்த்தாள். இரும்பு வாய்க்கு அந்தப் பக்கம் தொட்டியில் நொறுங்கிக் கிடந்தது எல்லாம். செம்பின் சிவப்பு, அலுமினிய வெள்ளை, கண்ணாடித் தூள். அதில் எந்தத் துகளில் அவர் சிரிப்பு, எந்தத் துகளில் அவர் கோபம்?

அப்போது பட்டையின் தலைமாட்டில் நின்ற ஒருவர் கையுறையைக் கழற்றியபடி வந்தார். உடம்பு சரியில்லாத பேட்டரிகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை, அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் வைத்தியர். போன் முதுகு உப்பியிருந்ததா என்று கேட்டார்.

அவளுக்கு ஞாபகமில்லை. தரையிலிருந்தபடியே மகள் நிமிர்ந்தாள்.

"ஆமா. மேசையில வச்சா ஆடும். நான் விரலால சுத்திக்கூட விளையாடினேன்."

"அப்ப அது பட்டைக்கே வந்திருக்காது" என்றார் வைத்தியர். பேட்டரி வீங்கிய போனைப் பட்டையில் அவசரமாகத் திறந்தால் தீப்பிடிக்கும். அதனால் வண்டியிலிருந்து இறக்கும்போதே அவற்றைப் பொறுக்கித் தனியே மணல் வாளியில் புதைத்துவிடுவார்களாம். அவருக்கு நேரம் கிடைக்கிறபோது ஒவ்வொன்றாகத் திறப்பாராம். இந்த வாரம் சளி பிடித்து லீவில் இருந்ததால் வாளிகள் அப்படியே நிற்கின்றன.

பின்கட்டில் வாளிகள் வரிசையாக நின்றன. வைத்தியர் கிழங்கு தோண்டுகிற மாதிரி மணலைக் கையால் விலக்கினார். இரண்டாவது வாளியில், மணல் உதிர உதிர, மஞ்சள் திருகாணியோடு வெளியே வந்தது அது.

மகள் வாய்விட்டு அழுதாள். அவள் அழவில்லை. வீங்கிப்போன அந்த முதுகைத் தடவிக் கொடுத்தாள். கெட்டுப்போனதே என்று எத்தனை முறை அதைச் சபித்திருப்பாள். கெட்டுப்போனதால்தான் அது பிழைத்திருக்கிறது.

*

வைத்தியர் சூடு காட்டி முதுகைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரியை நெம்பி எடுத்தார். வெளியிலிருந்து ஒரு ஒயர் வழியாகக் கரண்ட் கொடுத்தார். இருண்ட திரைக்கு என்ன செய்வது என்று அவள் கேட்குமுன், அலமாரியிலிருந்து அதே மாடல் போனின் திரையைக் கொண்டுவந்து பொருத்தினார். யாரோ ஒருவர் போட்டுவிட்டுப்போன போன். அவருடைய விவரங்கள் எதுவும் திரையில் இருக்காது, அவை இருந்த சர்க்யூட் பலகையை எப்போதோ அழித்தாகிவிட்டது என்று அவராகவே சொன்னார்.

அவர் வேலை செய்கிற நேரத்தில் இவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேற்பார்வை அம்மாளின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கைப்பையிலிருந்த சின்னத் திருப்புளியால் இரண்டு கால்களின் திருகாணிகளையும் முறுக்கி, மூக்குப் பட்டையை அளவாக வளைத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து பார்த்தார். கண்ணாடி நகரவில்லை. ஒரு வருஷமா இதைத் தள்ளித் தள்ளியே விரல் தேஞ்சுபோச்சு என்று சிரித்தார்.

திரையில் வெளிச்சம் வந்தது. பூட்டு எண்ணைக் கேட்டது.

மேற்பார்வை அம்மாள் வைத்தியரின் தோளைத் தொட்டார். இருவரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். அவள் எண்ணைத் தட்டி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. அந்த இரண்டு முதுகுகளையும் இந்தப் பிறவியில் மறக்கக்கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. மாஸ்டரின் பேருக்கு நேரே குரல் செய்திகள் கீழே கீழே போய்க்கொண்டேயிருந்தன. கண்ணை மூடி ஒன்றைத் தொட்டாள்.

"ஏய் கண்ணாடி! குளத்துல இன்னிக்கு மருந்தை அள்ளிக் கொட்டிட்டான், கண்ணு ரெண்டும் எரியுது. வரும்போது சொட்டு மருந்து வாங்கிட்டு வா. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதே, மறக்கிறது என் டிப்பார்ட்மெண்ட்!"

சுவரைப் பார்த்து நின்ற வைத்தியர் துள்ளி விழுந்தார். சத்தத்தைக் குறைவாகத்தானே வைத்தேன் என்றார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா குறைவாப் பேசினாலே இப்படித்தான் என்றாள்.

அன்று அந்தச் சொட்டு மருந்தை அவள் மறந்துவிட்டாள். அது நன்றாக நினைவிருந்தது. அவர் சண்டை போட்டதும், அவள் பதிலுக்குப் போட்டதும்.

குரல் செய்திகள் அனைத்தையும் வைத்தியர் ஒரு விரலளவு மெமரி ஸ்டிக்கில் ஏற்றினார். அவர் ஏற்றுகிற நேரத்தில் அவள் செய்திப் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தாள். உச்சியில் ஒரு பேர் இருந்தது. பக்கத்தில் இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் சின்னப் புள்ளி.

மாஸ்டரின் தம்பி.

கைக்குழந்தையாக மாஸ்டர் தோளில் தூக்கித் திரிந்த தம்பி. அதே குளத்தில் அண்ணனிடம் பழகி, பிறகு வேறொரு குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவன். போட்டி நாளில் அத்தனை பேர் முன்னால், அந்தப் பெரிய குரலில், இனி என் முகத்தில் விழிக்காதே என்று மாஸ்டர் கத்தினார். அவன் விழிக்கவில்லை. வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை.

செய்தியின் தேதியைப் பார்த்தாள். ஆபரேஷன் நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போன் கைதவறி விழுந்து திரை இருண்ட அன்றைய மத்தியானம். மறுநாள்தான் புதுப் போன் வாங்கியது. நடுவில் வந்தது இது. அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காட்டியிருக்கும். பதில் வந்திருக்காது.

மூன்றாம் மனிதர் முன்னால் அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. ஏற்றின கோப்புகளில் கடைசியாக அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் கண்ணெதிரே போனில் இருந்ததெல்லாம் துடைக்கப்பட்டது. ஓடுபட்டை மறுபடி ஓடத் தொடங்கியதும் அவளே போய் அதைப் பட்டையில் வைத்தாள். இதெல்லாம் இனி என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். செம்பு ஒயராகும், அலுமினியம் மறுபடி ஏதாவது ஒன்றின் முதுகாகும், பேட்டரியை அரைத்த கருப்புப் பொடி புது பேட்டரிக்குப் போகும், துளித் துளியாகத் தங்கம்கூட உண்டு என்றார் வைத்தியர். வீணாகப் போவது கம்மிதான் என்றார்.

எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரையும், சளியையும், மணலையும், முன்பின் தெரியாத அந்தத் திரைக்காரரையும் சேர்த்து எப்படி ஒரு வார்த்தையில் அடைப்பது? கண்ணாடி எப்போது தளர்ந்தாலும் கடைக்கு வரச் சொன்னாள். கட்டாயம் வர்றேன் என்றார் அந்த அம்மாள்.

*

மாஸ்டர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

உள்ளே மகள் மெமரி ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரில் செருகினாள். வீட்டுச் சுவர்கள் அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. சோப்பு தீர்ந்துவிட்டது. மழை வருகிறது, மாடித் துணியை எடு. தவளை பாஸ் பண்ணிவிட்டாள், முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். ஒன்றில் வெறுமனே ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டு, சும்மாதான் என்று முடித்திருந்தார்.

மாஸ்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் பலகையை எடுத்து எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

'இந்த ஆள் ரொம்பக் கத்துறான். எப்படித்தான் குடும்பம் நடத்தினே?'

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. மகள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்து, அவள் கணவரிடம் இன்னொன்று இருக்கிறது என்று சொன்னாள். யாருடையது என்றும் சொன்னாள். என்றைக்கு வந்தது என்றும் சொன்னாள். கேட்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம் என்றாள்.

மாஸ்டர் கையை நீட்டித் தானே அந்தக் கடைசிக் கோப்பைத் தட்டினார்.

முதலில் வண்டிச் சத்தம். பிறகு ஒரு தயக்கமான குரல்.

"அண்ணி, நான்தான். ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். அண்ணனை உள்ள கொண்டுபோயிட்டாங்கன்னு சொன்னாங்க. அவர் கண்ணுல படமாட்டேன். ஓரமா உக்காந்துக்கறேன். நான் உள்ள வரலாமா அண்ணி?"

அவ்வளவுதான். வண்டிச் சத்தமும் நின்றது.

எவ்வளவு நேரம் வாசலில் நின்றிருப்பான்? எப்போது திரும்பிப் போயிருப்பான்? மாஸ்டர் பலகையிலிருந்த கேலியைக் கையாலேயே துடைத்துவிட்டு, ஒரே சொல் எழுதினார்.

'கூப்பிடு.'

மகள்தான் அப்பாவின் இப்போதைய போனில் எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசை நடுவில் வைத்தாள். மணி அடித்தது. எடுக்கமாட்டான் என்று அவள் நினைத்த நேரத்தில் எடுத்தான்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு மெதுவாக, "அண்ணனா?" என்றது குரல்.

மாஸ்டர், தன்னை மறந்து, பதில் சொல்ல வாயைத் திறந்தார்.